இச்சி மரத்தைக் கால் ஊன்ற விடவில்லை

பூங்கா வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் மாதத்திலேயே உங்களுக்கு ஒரு பாராட்டு கிடைக்கும்: "பார்க்கை ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க." கேட்டதும் தலைகால் புரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஒன்பது வருடம் மாடாக உழைத்தேன், அதனால் ஓர் உயிர் போகப் பார்த்தது. ஓய்வு பெற்றவள் பழம்பெருமை பேச வந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமே கிடையாது.

ஜவ்வாது மலையில் நான் பொறுப்பில் இருந்த பூங்காவின் நடுவில் ஓர் இச்சி மரம் உண்டு. ஆலும் அரசும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இச்சியும். யாரும் நட்டதில்லை. காட்டைத் திருத்திப் பூங்கா போட்டபோது இதை வெட்ட மனம் வராமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். நாம் வண்டி கட்டிக் கீழேயிருந்து கொண்டுவந்து வைத்த அலங்காரப் பனைகளும் வெளிநாட்டுப் பூச்செடிகளும் வெயிலில் சுருண்டு கிடக்கும்போது, இது ஒன்றுதான் பச்சையாக நிற்கும். பழுத்துவிட்டால் பச்சைப் புறாவும் குக்குறுவானும் மைனாவும் கூடி ஒரே சந்தைக்கடை. மேலே பறவைகள், கீழே மனிதர்கள் என்று மரம் எப்போதும் நிறைந்தே இருக்கும். பூங்காவில் உருப்படியான நிழல் என்றால் அது மட்டும்தான்.

அந்த மரத்தில் எனக்குப் பிடிக்காதது அதன் விழுதுகள். ஆலமரத்து விழுதைப் போலக் கம்பீரமாக இருந்தாலாவது பரவாயில்லை. இது செம்பட்டை முடி மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும். வருகிறவர்கள் தலையில் சிக்கும், பிள்ளைகள் பிடித்து ஊஞ்சலாடுவார்கள். "இன்னா மேடம், பேய் பங்களா மாதிரி கீது" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை ஆள் உயரத்துக்கு மேலே எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வெட்டிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

வெட்டியது சின்னப்பொண்ணு. புதூர்நாட்டுப் பக்கத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். பூங்கா தொடங்கிய நாளிலிருந்து வேலை செய்கிறவள். முதல் தடவை கொடுவாளை வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றவள், வெட்டாமல் என்னைப் பார்த்தாள்.

"மேடம், கெழக்கால போற கெளையில தொங்குற நாலு விழுத மட்டும் வுட்ருங்க. இன்னும் ரெண்டு மழை பேஞ்சா மண்ணத் தொட்ரும்."

"தொட்டு என்ன ஆகப்போகுது?"

"கால் ஊனிக்கும். அந்தக் கெளை ரொம்ப நீளமாப் போவுது. ஊனலன்னா எத்தப் புடிச்சிக்கினு நிக்கும்?"

"நாலை விட்டு நாற்பதை வெட்டினா அரைகுறையா இருக்கும். பார்க் பார்க்க லட்சணமா இருக்க வேணாமா?"

அவள் வெட்டினாள். அதற்கப்புறம் ஒன்பது வருடம் மாதா மாதம் வெட்டினாள். கிழக்குக் கிளையும் சளைக்காமல் வருடா வருடம் நீண்டது. அதன் அடியில் நான் சிமெண்ட் பெஞ்சுகள் போட்டேன், சறுக்குமரம் வைத்தேன். யானைத் தும்பிக்கை மாதிரி அந்தரத்தில் நீண்டு கிடந்த அந்தக் கிளையைக் காட்டி, வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கோடை விழாவின் இரண்டாம் நாள். முந்தைய இரண்டு இரவும் நல்ல மழை. அன்றைக்கு வானம் வெளுத்து, ஓர் இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம். மரம் முழுக்கப் பழம். கீழேயிருந்து ஜீப்பிலும் வேனிலும் வந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் இச்சி நிழலில்தான். பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சிலர் படுத்து உறங்கிவிட்டார்கள். பக்கத்திலேயே மலைப் பெண்கள் சாமை உருண்டையும் புளியும் விற்கும் கடைகள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய விருந்தினர் ஒருவர் மேடைக்கு வரவேண்டும்.

காலையிலேயே பெஞ்சுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சொட்டியிருந்ததை நான் பார்த்தேன். பழக்காலத்தில் பறவை எச்சம் சகஜம்தானே. "கழுவி விடுங்க, விருந்தாளி வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டேன். கழுவினார்கள். பதினொன்றரை வாக்கில் சின்னப்பொண்ணு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நடந்துதான் வந்தாள், ஆனால் முகம் சரியில்லை.

"கழுவுன எடத்துலயே மறுபடி சொட்டுது மேடம்."

"எச்சம்னா சொட்டத்தானே செய்யும்? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

அவள் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் என் மூக்குக்கு நேரே நீட்டி, ஒட்டிப் பிரித்துக் காட்டினாள். இரண்டு விரலுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு நூல் இழுபட்டது.

"எச்சம் இப்டி இழுக்குமா? பாலு. இன்னிக்கி யாரும் மரத்துல கத்தி வெக்கல. பின்ன எங்கேர்ந்து பாலு வருது?"

நானும் தொட்டுப் பார்த்தேன், பால்தான். இச்சி மரத்தில் பட்டை கிழிந்தால்தான் பால் வரும். கத்தி படாமல் கிழிகிறது என்றால் மரம் தானாகப் பிளந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேரும் மரத்தடிக்குப் போனோம். கிழக்குக் கிளை அடிமரத்தோடு சேரும் கவட்டில், மேல்பக்கம், ஒரு வெடிப்பு. ஒரு விரல் நுழையலாம். உள்ளே மரம் புத்தம் புதிதாக மஞ்சளாகத் தெரிந்தது. கீழ்விளிம்பிலிருந்து பால் ஒழுகிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரின் சட்டைத் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அது தெரியாமல் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிளையின் கீழே அப்போது நாற்பது ஐம்பது பேராவது இருப்பார்கள்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். நான் போனை எடுத்தேன். விழாப் பொறுப்பில் இருந்த மேலதிகாரியைக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். அவர் மலை ஏறி வரும் வழியில் விருந்தினரின் காருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"கிளை விழுந்திடும் சார். இடத்தைக் காலி பண்ணணும்."

"காத்து அடிக்குதாம்மா?"

"இல்ல சார்."

"காத்தே இல்லாம எப்படிம்மா விழும்? இந்த நேரத்துல பீதியைக் கிளப்பாதீங்க. ஃபங்ஷன் முடியட்டும், ஒரு மணிக்கு மேல கயிறு கட்டி மூடிடலாம்."

நான் விளக்கினேன். லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி விளக்கினேன். இப்படியே எட்டு நிமிடம் போனது. பக்கத்தில் நின்ற சின்னப்பொண்ணு அண்ணாந்தபடியே இருந்தாள். கடைசியில் என் முழங்கையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். ஒன்பது வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப ரெண்டு வெரலு போவும் மேடம். அவர் வந்து பாத்து சொல்ற வரைக்கும் அது காத்துக்கினு இருக்குமா?"

போனை அணைத்தேன். 

சரி, கூட்டத்தை எப்படிக் கிளப்புவது? மைக்கில் "கிளை விழப்போகிறது, ஓடுங்கள்" என்று கத்தலாம். கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் அங்கேயே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள், மீதிப் பேர் வீடியோ எடுப்பார்கள். ஓடுகிறவர்கள் படுத்திருப்பவர்களை மிதிப்பார்கள். ஆளனுப்பி ஒவ்வொருவராக எழுப்பச் சொல்லலாம். "இருங்க, சாப்ட்டு எந்திரிக்கிறோம்" என்பார்கள். நம் ஜனங்களைச் சாப்பாட்டிலிருந்து எழுப்புவது லேசான காரியமா?

சின்னப்பொண்ணு வண்டி நிறுத்துமிடத்தைக் காட்டினாள். வாணியம்பாடியிலிருந்து வாராவாரம் வந்து பலாப்பழம் பிடித்துக்கொண்டு போகும் பாய் ஒருவர், சின்ன லாரியில் பழம் ஏற்றி முடித்து, வாசனை பிடித்து வந்தவர்களுக்கு நாலைந்து பழத்தை அறுத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"பலாச்சொள சும்மா தர்றாங்கன்னு சொல்லுங்க. ஜனம் தானா எழுந்து போவும்" என்றாள்.

நான் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடியது அன்றைக்குத்தான். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, "உங்க பழத்தை எல்லாம் அறுக்கணும் பாய், காசு நான் தர்றேன்" என்றேன். அவர் மரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த கத்தியில் எண்ணெயைத் தடவினார்.

"யா அல்லா! காசுப் பேச்சு இப்ப எதுக்கும்மா? மொதல்ல ஜனத்த நவுத்துங்க. ஜல்தி, ஜல்தி!"

மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது. "கார் நிறுத்துமிடத்தில் விழாவை முன்னிட்டு எல்லோருக்கும் பலாச்சுளை இலவசம். முதலில் வருபவர்களுக்கு மட்டும்." அந்தக் கடைசி மூன்று வார்த்தை நானாகச் சேர்த்தது. அதற்கு இருந்த மகிமையைப் பார்க்கவேண்டுமே! தயிர்சாதக்காரர் டிபன் பாக்ஸை மூடாமலே எழுந்தார். உறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பக்கத்தில் இருந்தவர்களே தட்டி எழுப்பினார்கள். ஓட்டமும் இல்லை, மிதிபாடும் இல்லை, எல்லோரும் வேக வேகமாக நடந்தார்கள். மூன்று நான்கு நிமிடத்தில் மரத்தடி காலி. வேலையாட்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பாடா என்று நான் உட்காரப் போனேன்.

அப்போது கிளையின் கோடியில், சாமை உருண்டைக் கடையை ஒட்டி, ஒரு சிவப்புச் சேலை தொங்குவதைப் பார்த்தேன். விழாவுக்கு யாரோ தோரணம் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சேலை அசைந்தது. காற்றே இல்லையே!

அது ஏணை. குழந்தையைத் தூங்கப்போடும் தூளி.

உங்களுக்குப் புரிகிறதா? என் பொய் வேலை செய்தது. ஆனால் அது பலாச்சுளைக்காக எழுந்து போகக்கூடியவர்களிடம்தான் வேலை செய்தது. அழுது அழுது இப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளையை ஒரு சுளைக்காக எந்தத் தாய் எழுப்புவாள்? இரண்டு எட்டில் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று போயிருக்கிறாள். ஆபத்து என்று சொல்லியிருந்தால் முதலில் அந்தப் பிள்ளையைத்தான் தூக்கியிருப்பாள். என் சாமர்த்தியம் அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றிவிட்டு, ஒரே ஒரு பச்சைக் குழந்தையைக் கிளையில் கட்டி விட்டுவிட்டு வந்திருந்தது.

நான் ஓடப் பார்த்தேன். சின்னப்பொண்ணு என் மார்பில் கைவைத்துத் தள்ளினாள்.

"நீங்க ஓடி, ஏணையப் புடிச்சி இழுத்தீங்கன்னா முடிஞ்சிது. நவுருங்க."

அவள் செருப்பைக் கழற்றினாள். இடுப்பில் செருகியிருந்த கொடுவாளைக் கீழே வைத்தாள். கிளைக்கு நேர் கீழே போகாமல் கடைகளின் பின்பக்கமாகச் சுற்றி நடந்தாள். அவள் ஓடவில்லை. நான் மனதுக்குள் "ஓடு, ஓடு" என்று கதறிக்கொண்டிருந்தேன். கவட்டில் படக்கென்று ஒரு சத்தம். மேலே பழம் தின்றுகொண்டிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. அவள் நிற்கவில்லை, அண்ணாந்தும் பார்க்கவில்லை. ஏணைக்குப் பக்கத்தில் போய், சேலையை அசைக்காமல், விளிம்பை விரலால் விலக்கி, இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிள்ளையை அடியோடு ஏந்தி எடுத்தாள். வெறும் சேலை இருந்த இடத்திலேயே தொங்கியது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

அவள் கடைகளைத் தாண்டி ஏழெட்டு அடி வந்திருப்பாள். பெரிய துணியைக் கிழிப்பது போல ஒரு நீண்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தரை அதிர்ந்தது. இலையும் பழமும் புழுதியும் எழும்பி ஒன்றும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது பெஞ்சுகள் இரண்டாக உடைந்து கிடந்தன. சறுக்குமரத்தைக் காணவில்லை. சாமை உருண்டைக் கடை தரையோடு தரை. சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள், அவள் கையில் பிள்ளை வீல் வீலென்று அழுதது. அதைவிட இனிமையான சத்தத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

தாய் ஓடிவந்தாள், சாமை உருண்டைக் கடைக்காரி. இருபது வயதுகூட இருக்காது. கையில் இலையில் வைத்த சுளை அப்படியே இருந்தது. பிள்ளையைப் பிடுங்கி, தலை, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தாள். கூட்டம் சுற்றிக்கொண்டது. மேலதிகாரியும் வந்து சேர்ந்தார். விழுந்து கிடந்த கிளையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் பேச்சு மட்டும் அவருக்கு உடனே வந்துவிட்டது.

"பழைய மரம்மா. இயற்கையா நடக்கிறதுதான். இதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

தாய் அவரைப் பார்க்கவில்லை. உடைந்த கவட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்தும் இல்ல, மழையும் இல்ல. நேத்து கூட இங்கதான ஏணை கட்னேன். ஏன் ஒடிஞ்சிது?"

 சின்னப்பொண்ணுதான் பதில் சொன்னாள். "விழுது ஊனல தாயி. நாந்தான் வெட்டிக்கினே வந்தேன்."

அதிகாரியின் கண் அவள் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பழியை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்துவிட்ட நிம்மதி அது. ஒரு தினக்கூலிப் பெண், தானே ஒப்புக்கொண்டும் விட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அறிக்கை தானாகவே எழுதிக்கொள்ளும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் எழுந்து நின்றேன். "அவ வேணாம்னு சொன்னா. வெட்டச் சொன்னது நான்தான்" என்றேன். "பார்க்க அழகா இருக்கணும்னு வெட்டச் சொன்னேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. பிள்ளையை என் கையில் வைத்தாள்.

"புடிங்க மேடம். எவ்ளோ கனம்னு பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, கிளைக்கு அடியில் சிக்கியிருந்த சேலையை இழுத்து எடுக்கப் போய்விட்டாள். மூன்று மாதப் பிள்ளை. கனமே இல்லை. பூனைக்குட்டி அளவு கனம்கூட இல்லை. அழுகையை நிறுத்திவிட்டு என் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் நான் ஓவென்று அழுதேன்.

மரத்தையே அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று அடுத்த வாரமே பேச்சு வந்தது. மரம் பாழ் என்றார்கள். மரத்தில் ஒரு குறையும் இல்லை, குறை என் உத்தரவில் என்று மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மரம் நிற்கிறது. மற்ற கிளைகளுக்குக் கீழே வேலி போட்டு, மூங்கில் குழாயில் மண் நிரப்பி, அதற்குள் விழுதுகளை இறக்கிவிட்டோம். எது எங்கே ஊன்ற வேண்டும் என்று சின்னப்பொண்ணுதான் சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன்.

உங்கள் பூங்காவிலும் ஓர் இச்சியோ ஆலோ கல்லத்தியோ இருக்கும். பார்ப்பதற்கு ஒழுங்கீனமாகத்தான் இருக்கும். யாராவது வந்து முகம் சுளிப்பார்கள். உங்கள் கையும் கத்திக்குப் போகும். போகட்டும். வெட்டச் சொல்வதற்கு முன்னால், அதன் நிழலில் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பிள்ளையை, அதன் தாயிடம் கேட்டு, ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பாருங்கள்.